தண்ணி இண்டஸ்ட்ரிக்குப் புதுசா? "உள்ள யாரையாச்சும் தெரியுமா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி இதப் படிங்க

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா அவங்க மவனைக் கையோட கூட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. பையன் பொலிடெக்னிக்ல கெமிக்கல் டிப்ளோமா முடிச்சு ஏழு மாசம் ஆச்சு, மோட்டோல சாப்பாடு டெலிவரி ஓட்டிக்கிட்டு இருக்கான், "லோஜியில உள்ள யாரையாச்சும் தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லி விடேன் பாப்பா"ன்னாங்க. லோஜின்னா சுத்திகரிப்பு நிலையம். நான் தம்பியப் பாத்து, உள்ளன்னா எது உள்ள, ஆத்துத் தண்ணி லோஜியா, கழிவுத் தண்ணியா, லேபா, ஆபரேஷனான்னு கேட்டேன். முழிச்சான். அவன் மேல தப்பு இல்ல, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நானும் அப்படித்தான் முழிச்சேன்.

எங்க ஊரு பத்தாங் பெர்ஜுந்தை. 2007-ல பெஸ்தாரி ஜெயான்னு பேர மாத்திட்டாங்க, வாயில வர்றது என்னமோ பழைய பேருதான். சுத்திச் செம்பனை. நாட்டுலயே மொதல் மொதல்ல, 1917-ல, வியாபாரத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இங்கதான் இருக்கு. இன்னொரு பக்கம் சுங்கை சிலாங்கூர் ஆறு, அதுலேர்ந்து தண்ணி எடுத்து கிள்ளான் பள்ளத்தாக்குக்கே அனுப்பற பெரிய பெரிய சுத்திகரிப்பு லோஜிங்க. அந்தக் கேட்டத் தாண்டித்தான் நம்ம புள்ளைங்க ஸ்கூல் பஸ்ல தினம் போவுதுங்க, உள்ள வேலைக்குப் போறது நான் பாத்த வரைக்கும் ரொம்ப கம்மி. கேட்டா "நமக்கு கேபிள் இல்ல லா"ம்பாங்க.

கேபிள்னா யாரோ ஒருத்தர் போன் போட்டு ஒங்கள உள்ள தள்ளி விடறது. நான் சொல்லப்போறது அது இல்ல. இந்த வேலைல இருக்கற நாலு பேருக்கு ஒங்க பேரு தெரியணும், நீங்க எப்படி யோசிக்கறீங்கன்னும் தெரியணும், அவ்ளோதான். அதுக்கு மாமா மச்சான் யாரும் பெரிய பதவியில இருக்க வேணாம், ஆறு மாசம் ஒழுங்கா செஞ்சா தோட்டத்து வீட்டுலேர்ந்தே பண்ணலாம். நான் எப்படிப் பண்ணேன், எங்க ஏமாந்தேன்னு எல்லாத்தையும் சொல்றேன்.

படி 1: எந்தக் கதவுன்னு மொதல்ல தெரிஞ்சுக்குங்க

ஒரு பேப்பர எடுத்து இந்தத் தொழில்ல யாரு யாரு என்ன பண்றாங்கன்னு எழுதுங்க. மேல ஸ்பான், அதாவது தேசிய நீர்ச் சேவை ஆணையம். 2006-ல ரெண்டு சட்டம் போட்டாங்க, ஒன்னு ஸ்பானை உருவாக்க, இன்னொன்னு தண்ணி, கழிவுநீர் சேவைய எப்படி நடத்தணும்னு. ரெண்டாவது 2008 ஜனவரி 1-லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும்தான் அது, சபா சரவாக்ல கத வேற. அப்புறம் பி.ஏ.ஏ.பி., பல மாநிலங்கள்ல பைப்பு, லோஜி மாதிரி சொத்துங்க இவங்க பேர்ல இருக்கும், நடத்தறவங்க வாடகைக்கு எடுத்து ஓட்டுவாங்க. நடத்தறவங்கன்னா மாநிலத்துக்கு ஒன்னு: சிலாங்கூர், கே.எல்., புத்ராஜெயாவுக்கு ஆயர் சிலாங்கூர், பினாங்குக்கு பி.பி.ஏ.பி.பி., பேராக்குக்கு லெம்பாகா ஆயர் பேராக், கெடாவுக்கு சாடா, நெகிரிக்கு சாயின்ஸ். கக்கூஸ் தண்ணிப் பக்கம் இண்டா வாட்டர். ஆத்தப் பாத்துக்கறதுக்கு சிலாங்கூர்ல லுவாஸ். கழிவு எவ்ளோ விடலாம்னு பாக்கறது ஜே.ஏ.எஸ்., அதாவது சுற்றுச்சூழல் துறை, குடிதண்ணி தரத்தக் கண்காணிக்கறது சுகாதார அமைச்சு.

இதெல்லாம் ஆபீஸ் பேரு. வேலை நெறைய இருக்கறது இதுங்களுக்கு நடுவுல: கன்சல்டன்ட், பைப் போடற கான்ட்ராக்டர், ஆலம் (படிகாரம்), குளோரின் சப்ளை பண்றவங்க, மீட்டர் விக்கறவங்க, தனியார் லேப், லீக் தேடற கம்பெனி. லீக்னு சொன்னதும் ஞாபகம் வருது, நம்ம நாட்டுல சுத்தம் பண்ணி அனுப்பற தண்ணில மூணுல ஒரு பங்குக்கு மேல பில்லுல வர்றதே இல்ல, ஒடஞ்ச பைப்பு, பழைய மீட்டரு, திருட்டு கனெக்ஷன்னு போயிடுது. என்.ஆர்.டபிள்யூ.ன்னு சொல்வாங்க. காலேஜ்ல இதப் பத்தி ஒரு சாப்டர் இருக்கும், வெளிய வந்தா அதுக்குன்னே ராத்திரி ரோட்டுல காத வச்சு பைப்பு சத்தம் கேக்கற டீம் இருக்கு. ஆள் எப்பவும் பத்தாது.

அப்புறம் நம்மாளுங்க யாரும் கணக்குல சேக்காத ஒரு கதவு, செம்பனை மில்லு. சின்ன வயசுல மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவோமே, மில்லுக்குப் பின்னாடி வரிசையா இருக்கற அந்தக் கருப்புக் குளம், அது சும்மா குளம் இல்ல, அதுவே ஒரு சுத்திகரிப்பு சிஸ்டம். மில்லு கழிவோட பி.ஓ.டி., அதாவது அத கிருமி தின்னு முடிக்க எவ்ளோ ஆக்சிஜன் வேணும்ங்கற அளவு, லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் பக்கம் இருக்கும், நம்ம வீட்டுக் கழிவுத் தண்ணி 200, 300. சுமாரா நூறு மடங்கு காட்டமான சரக்கு. அத ஆறவச்சு, காத்து இல்லாத குளத்துல கிருமி விட்டுத் தின்ன வச்சு, அப்புறம் காத்து குடுத்து, ஆத்துல விடறதா இருந்தா 100-க்குக் கீழ கொண்டு வரணும், சில எடத்துல அதவிடக் கறாரு. இத ஓட்டறதுக்கு ஜே.ஏ.எஸ். கேக்கற சர்டிபிகேட் இருக்கற ஆள் வேணும், அவங்க பயிற்சி நிலையம் எய்மாஸ்ல அதுக்குக் கோர்ஸ் நடத்தறாங்க. ஒங்க தோட்டத்து மில்லுல அந்த ஆள் யாருன்னு தெரியுமா? தெரியலன்னா ஒங்க மொதல் வீட்டுப்பாடம் அதுதான்.

படி 2: பேச ஒரு விஷயம் வேணும்

இதுதான் முக்கியம், இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன்.

நான் லேப்ல சேந்த மூணாவது வாரம், நைட் ஷிப்டு, விடிகாலை மூணு மணி. மேல உலு சிலாங்கூர் பக்கம் நல்ல மழ. உள்ள வர்ற ஆத்துத் தண்ணி சாயங்காலம் 60 என்.டி.யூ. (கலங்கல் அளவு) இருந்தது 800-க்கு ஏறிடுச்சு, பாக்க தே தாரிக் மாதிரி. ஷிப்டுல இருந்த ஆபரேட்டர் அண்ணன், ரிட்டயர்டு ஆகப்போற வயசு, எஸ்.பி.எம். கூட முடிக்கல, மெதுவா வந்து ஆறு ஜாரை எடுத்து வச்சாரு. ஜார் டெஸ்ட்டும்பாங்க, எவ்ளோ ஆலம் போடணும்னு பாக்கறது. ஒவ்வொன்னுலயும் ஒரு லிட்டர். ஆலம் 20, 30, 40, 50, 60, 70 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு அத்தன மில்லிகிராம். மொத ஒரு நிமிஷம் வேகமா கலக்கி, அப்புறம் பதினஞ்சு நிமிஷம் மெதுவா. லைட்ட அணைச்சுட்டு ஜாருக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுக் காட்டினாரு. 20-ல ஒன்னும் இல்ல, வெறும் கலங்கல். 40-ல ஊசி மொன மாதிரி கட்டி. 50-ல கஞ்சில பருக்க மாதிரி தெரண்டு, நிறுத்தினதும் கீழ எறங்குச்சு. 70-ல நான் இன்னும் நல்லா வரும்னு நெனச்சேன், வரல, மறுபடி கலங்கிடுச்சு. அண்ணன் ஒன்னும் சொல்லல. "எழுதி வச்சுக்க. நாளைக்கு வந்து நான் ஏன் 50-ஐ எடுத்தேன்னு நீ எனக்குச் சொல்லு"ன்னாரு.

நான் வீட்டுக்குப் போயி தூங்காம படிச்சேன். ஆலம் போட்டா தண்ணியில இருக்கற காரத்தத் தின்னுடும், பி.எச். எறங்கும், ரொம்ப எறங்கினா கட்டி சேராது, அதான் சுண்ணாம்பு போடறோம். மறுநாள் போயி சொன்னேன். "சரி, அப்ப 70-ல கொஞ்சம் சுண்ணாம்பு போட்டா என்ன ஆகும், காசு எவ்ளோ ஆகும்?"னு அடுத்த கேள்வி. இப்படித்தான் எனக்கு மென்டர் கெடச்சாரு. நான் யார்கிட்டயும் போயி எனக்கு மென்டரா இருங்கன்னு கேக்கவே இல்ல.

புதுசா வர்றவங்க பெரிய ஆளப் பாத்ததும் "சார் எனக்கு கைட் பண்ணுங்க"ன்றாங்க. அவருக்கு என்னன்னு புரியும்? அதவிட "ஆயர் கெரு, அதாவது கலங்கல் தண்ணி, வந்தா மொதல்ல எந்த ரீடிங்கப் பாப்பீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, மனுஷன் அரை மணி நேரம் பேசுவாரு. இந்தத் தொழில்காரங்க வருஷக்கணக்கா ராத்திரி முழிச்சு தண்ணி அனுப்பினவங்க, தண்ணி வந்தா ஒருத்தனும் கேக்கமாட்டான், நின்னாதான் திட்டுவான், அதனால யாராச்சும் வேலயப் பத்திக் கேட்டா உருகிடுவாங்க.

அதுக்கு அடிப்படை நம்பர் நாலு தெரிஞ்சிருக்கணும். வெளிய போற தண்ணி 5 என்.டி.யூ.க்கு மேல போகக்கூடாது, பி.எச். 6.5-லேர்ந்து 9, மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கொறையக்கூடாது. கூடவே ஊருல நடந்தது தெரிஞ்சிருக்கணும். 2020 செப்டம்பர்ல ரவாங் பக்கம் சுங்கை கோங்ல எவனோ எதையோ கொட்டி, நாத்தம் வந்து, நாலு லோஜிய நிறுத்தி, ஒரு மில்லியனுக்கு மேல அக்கவுண்டுக்குத் தண்ணி இல்லாம போச்சே, அத ஒரு பக்கம் எழுதிப் பாருங்க: நாத்தம்னா எப்படி அளக்கறது, ஏன் லோஜிய மூடித்தான் ஆகணும், தொறக்க ஏன் நாள் ஆகுது. இண்டர்வியூல இது கை குடுக்கும், காப்பிக்கடையில அதவிட அதிகமா குடுக்கும்.

படி 3: இருபது பேரு லிஸ்ட்

"எனக்கு யாரையும் தெரியாது"ங்கறது பொய். உக்காந்து எழுதுங்க. கோயில் கமிட்டியில பைப் கான்ட்ராக்ட் எடுக்கற அண்ணன், தமிழ்ப்பள்ளியில கூடப் படிச்சு இப்ப யூனிசெல் யூனிவர்சிட்டில இருக்கற புள்ள, மில்லு பாய்லர்மேன், மீட்டர் படிக்க வர்ற ஆளு, பிராக்டிகல் பண்ண எடத்து சூப்பர்வைசர், பொலிடெக்னிக் லெக்சரர், ஃபுட்சால் ஆட வர்ற இண்டா வாட்டர் அபாங். இருபது வரும்.

இதுல தங்கம் யாருன்னா சேல்ஸ்மேன். ஆமா, கெமிக்கல் விக்கறவரு, பம்ப் விக்கறவரு. மேனேஜருக்குத் தன் லோஜி மட்டும்தான் தெரியும், சேல்ஸ்மேன் வாரத்துக்கு பத்து லோஜி ஏறி எறங்கறவரு, எங்க ஆள் போவுது, எங்க புது பிளான்ட் வருது, எந்த சூப்பர்வைசர் கத்துவாரு, எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கு ரெண்டாவது வேல அப்படித்தான் வந்துச்சு, ஒரு பம்ப் சேல்ஸ் அங்கிள் ரொட்டி சானாய் தின்னுக்கிட்டே, அங்க லேபுல ஒரு ஆள் போறாங்களாம்னு சொல்லிட்டுப் போனாரு.

படி 4: மொதல் வாட்சப்

யார் என்ன மொழின்னு பாத்து எழுதுங்க, பெரும்பாலும் மலாய்லதான் அனுப்பணும். மலாய்க்கார பெரியவங்களுக்கு என்சிக், புவான், பழகினப்புறம் அபாங், காக். பேருக்கு முன்னாடி 'இர்.' போட்டிருந்தா அவரு புரொபெஷனல் எஞ்சினியர், அத விட்டுட்டு எழுதாதீங்க, அதுக்கு அவரு பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். நம்மாளுன்னா அண்ணா, அக்கா, சார் போதும். எடுத்ததும் "புரோ" வேணாம்.

இந்த மாதிரி எழுதினா பதில் வராது: "வணக்கம் சார், நான் வேலை தேடறேன், வேகன்சி இருந்தா சொல்லுங்க, ரெசுமே அனுப்பிருக்கேன்." இத அவரு தெனமும் பாக்கறாரு.

இப்படி எழுதிப் பாருங்க: "வணக்கம் அண்ணா, நான் பத்தாங் பெர்ஜுந்தை தோட்டத்துப் பையன், கெமிக்கல் டிப்ளோமா. ஒங்க நம்பர் கான்ட்ராக்டர் அண்ணன் குடுத்தாரு, அவருகிட்ட கேட்டுட்டுத்தான் அனுப்பறேன். ஜார் டெஸ்ட் காலேஜ்ல செஞ்சிருக்கேன், மழைக் காலத்துல டோஸ் எவ்ளோ சீக்கிரம் மாத்துவீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை. சனிக்கிழமை ஷிப்டு முடிஞ்சு இருபது நிமிஷம் கெடைக்குமா, காப்பி நான் வாங்கறேன்." யாரு நம்பர் குடுத்தா, என்ன கேள்வி, எவ்ளோ நேரம். மூணும் இருக்கு, ரெசுமே இல்ல. பதில் வரலன்னா பத்து நாள் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல விட்டுடுங்க, ஷிப்டு ஆளுங்க பாவம்.

படி 5: கே.எல். போறது

தண்ணித் தொழிலுக்குன்னு மலேசிய நீர்ச் சங்கம் இருக்கு, எம்.டபிள்யூ.ஏ.ம்பாங்க, அவங்க கோர்ஸ், பேச்சு, எல்லாம் நடத்தறாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கே.எல்.சி.சி.யில ஆசியாவாட்டர் கண்காட்சி. உலக அளவுல ஐ.டபிள்யூ.ஏ.ங்கற சர்வதேச நீர்ச் சங்கம், அதுல 35 வயசு வரைக்கும் இருக்கறவங்களுக்குன்னு இளம் நீர்த்துறையாளர் பிரிவு இருக்கு. மோட்டோவ ரவாங் ஸ்டேஷன்ல போட்டுட்டு கொமுட்டர்ல கே.எல். சென்ட்ரல், அங்கேர்ந்து எல்.ஆர்.டி. கண்காட்சிக்குக் காலையில போகாதீங்க, வி.ஐ.பி. கூட்டம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல பூத்துல இருக்கறவங்க கால் வலிச்சு உக்காந்துருப்பாங்க, அப்பதான் டர்பிடிட்டி மீட்டரத் தொறந்தே காட்டுவாங்க. கார்டு வாங்கினா பின்பக்கம் அப்பவே எழுதுங்க, எங்க பாத்தோம், என்ன பேசினோம். பைக்கட்டு நெறைய பேனா சேத்துக்கிட்டு வர்றதுக்கா கே.எல். போறோம்?

ஆனா உண்மையச் சொல்லணும்னா பெரிய ஹால விட கோர்ஸ்தான் நல்ல எடம். குழி, டேங்க்குள்ள எறங்கற வேலைக்கு ஏ.இ.எஸ்.பி. கோர்ஸ் ஒன்னு இருக்கு, இதுல இண்டா வாட்டர் ஆளு, ஃபேக்டரி ஆளு, கான்ட்ராக்டரு எல்லாம் ஒரே மேசையில உக்காருவாங்க. கேஸ் மீட்டரப் பிடிச்சுக்கிட்டு ஒன்னா எறங்கினவங்க அப்புறம் போன எடுக்காம இருக்கமாட்டாங்க. அந்த பேட்ச் வாட்சப் குரூப்ப விட்டு வெளிய வந்துடாதீங்க, குட் மார்னிங் படம் எவ்ளோ வந்தாலும்.

படி 6: மென்டர் ஒருத்தர் போதாது

எனக்கு மூணு பேரு தேவப்பட்டாங்க. ஒருத்தர் கைவேலைக்கு, மேல சொன்ன அண்ணன். ரெண்டாவது பேப்பர் வேலைக்கு, அதாவது எந்த வரிசையில சர்டிபிகேட் எடுக்கறதுன்னு சொல்ல. டிகிரி எஞ்சினியர்னா பி.இ.எம்.ல, அதாவது எஞ்சினியர்கள் வாரியத்துல, கிராஜுவேட் எஞ்சினியரா பதிஞ்சுட்டு, மூணு வருஷ அனுபவத்த எழுதி வச்சு, அப்புறம் பரீட்ச எழுதித்தான் இர். டிப்ளோமா, ஸ்கில் ஆளுங்களுக்கு எம்பாட்ங்கற தொழில்நுட்பர் வாரியம், அது 2015 சட்டத்துல வந்தது, டெக்னீஷியனுக்கும் டெக்னாலஜிஸ்டுக்கும் தனித்தனியா பட்டம் குடுக்கறாங்க. காலேஜே போகலன்னா எஸ்.கே.எம்., அதாவது மலேசியத் திறன் சான்றிதழ், லெவல் படிக்கட்டு. ரொம்ப பேரு அஞ்சு வருஷம் வேல செஞ்சிட்டு ஒன்னுமே எழுதி வைக்காம அப்புறம் நெஞ்சுல அடிச்சுக்கறாங்க. மொத நாளே ஒரு லாக் புக் போடுங்க. மூணாவது ஆள் ஒங்க கம்பெனிக்கு வெளிய இருக்கணும், பாஸ் மேல கோவம் வந்தா கேக்க.

சும்மா வாங்கிக்கிட்டே இருக்காதீங்க. எங்க அண்ணனுக்கு வருஷா வருஷம் ஏப்ரல்ல நான்தான் வரி இ-ஃபைலிங் பண்ணிக் குடுத்தேன், அவரு எனக்கு பம்ப் கர்வ் படிக்கக் கத்துக் குடுத்தாரு. அவரு கையால எழுதின ரீடிங்க எக்செல்ல போட்டு கிராஃப் ஆக்கிக் குடுத்தப்ப அத பிரிண்ட் எடுத்து கன்ட்ரோல் ரூம்ல ஒட்டிட்டாரு. முக்கியமா, அவங்க சொன்னதச் செஞ்சீங்களா, என்ன ஆச்சுன்னு திரும்பிப் போயி சொல்லுங்க, தப்பாப் போனாலும். திரும்பி வராத ஆளுக்கு யாரும் ரெண்டாவது தடவ சொல்லித் தரமாட்டாங்க.

படி 7: நான் விழுந்த குழி

ஒரு ஆளு 800 வெள்ளி குடுத்தா உள்ள சேத்து விடறேன்னாரு, அம்மா சீட்டுக் காச எடுத்துக் குடுத்தாங்க, நான் போயி நின்னா அந்தப் பேருல அங்க வேலையே இல்ல. எந்த ஒழுங்கான வேலைக்கும் நீங்க காசு கட்டத் தேவையில்ல. அப்புறம் ஒரு சீனியர், மூணு மாசம் நான் எடுத்த சாம்பிள் ரிப்போர்ட்ட அவரு பேர்ல மேல அனுப்பிட்டாரு. அதுலேர்ந்து எது அனுப்பினாலும் ஈமெயில்ல, தேதியோட, இன்னொருத்தருக்கும் காப்பி வச்சுத்தான்.

பொண்ணுங்களுக்குத் தனியா ஒன்னு சொல்றேன். மென்டர் பேச்சு பகல்ல, காப்பிக்கடையில, வீட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சு. நல்ல மனுஷன் அதுக்குக் கோவிக்கமாட்டாரு, கோவிச்சா விட்டுடுங்க. எல்லாருக்கும்: லோஜி கேட்டுல கவாசான் லாராங்கான், அதாவது தடை செஞ்ச எடம்னு, செவப்பு போர்டு இருக்குல்ல, உள்ள போட்டோ எடுத்து டிக்டாக்ல போடாதீங்க. பிராக்டிகல் வந்த பையன் ஒருத்தன் குளோரின் ரூம் முன்னாடி டான்ஸ் ஆடி அன்னைக்கே வீட்டுக்குப் போனான்.

அந்தப் பக்கத்து வீட்டுத் தம்பி? பேப்பர்ல எழுதிக்கிட்டு வந்தான், பதினேழு பேரு. பதினோராவது பேரு ஒரு சின்ன கான்ட்ராக்டரு, தாமான்ல கழிவுநீர் பிளான்ட் பாத்துக்கறவரு. சம்பளம் கம்மிதான், மோட்டோ டெலிவரிய விடக் கொஞ்சம் கம்மி கூட, அவங்க அம்மாவுக்கு என் மேல லேசா வருத்தம். நேத்து ராத்திரி பதினொன்ற மணிக்கு அவன்கிட்டேர்ந்து வாட்சப்: "அக்கா, அரை மணி நேரம் வச்சும் சிலிண்டர்ல வண்டல் 900-லயே நிக்குது, எறங்க மாட்டேங்குது, மேல தண்ணி தெளிவாதான் இருக்கு, ஏன்?" காத்து எவ்ளோ போவுது, டி.ஓ. (தண்ணில கரஞ்ச ஆக்சிஜன்) பாத்தியாடான்னு திருப்பி அனுப்பினேன். ரெண்டு புளூ டிக் வந்துச்சு, பதில் இல்ல, டேங்குக்குப் போயிட்டான் போல.